பயந்த நாயை வெளியே கூட்டிப்போவது எப்படி? தெரு நாய்கள் உள்ள பகுதியில் இருப்பவர்களுக்கு

சிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. நாட்டு நாய், 14 கிலோ. வீட்டுக்குள் அவ்வளவு சமர்த்து, ஆனால் வாசல் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் போதும், வால் வயிற்றோடு ஒட்டிவிடும். நாங்கள் இருப்பது சென்னை மடிப்பாக்கத்தில். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை 400 மீட்டர் இருக்கலாம், அதற்குள் பதினொரு தெரு நாய்கள். குட்டியாக இருந்தபோது ஒரு நாய்க்கூட்டம் அவளைக் குதறியிருக்கிறது, தொடையில் முடி முளைக்காத தழும்பு இன்னும் இருக்கிறது. இது தெரிந்தும், வெளியே கூட்டிப்போகப் போகத் தானாகப் பழகிவிடும் என்று நினைத்து, வந்த மூன்றாவது வாரமே அவளைத் தெருவில் இறக்கிவிட்டேன்.

மாலை ஏழு மணி. டிரான்ஸ்பார்மர் பக்கத்திலிருந்து மூன்று நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தன. சிட்டு முன்னால் ஓடவில்லை, பின்னால் போனாள். பின்பக்கமாக இழுத்ததில், மார்பைச் சுற்றி மாட்டியிருந்த ஹார்னஸ் பட்டை தலை வழியாக உருவிக்கொண்டு வந்துவிட்டது. வெறும் ஹார்னஸை நான் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் தெரு முனையைத் தாண்டிப் போய்விட்டாள். நான்கு மணி நேரம் தேடினோம். இரவு பதினொரு மணிக்கு, நிறுத்தி வைத்திருந்த தண்ணீர் லாரிக்கு அடியில் கிடந்தாள். கால் நகம் இரண்டு பெயர்ந்து ரத்தம். அதற்குப் பிறகு இரண்டு மாதம் கேட்டைத் தாண்டவே இல்லை.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, ஒழுங்காக நடக்க வைக்க எட்டு மாதம் ஆனது. அதில் பாதி நான் செய்த தவறுகளைச் சரிசெய்யவே போனது. நீங்கள் அந்தப் பாதியையாவது மிச்சம் பிடிக்கலாம். ஆபீஸ் நடைமுறைகளைச் சென்னையை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன், வேறு ஊர் என்றால் உங்கள் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் தெரு நாய் உள்ள எந்த ஊருக்கும் பொருந்தும்.

1. முதலில் டாக்டரிடம் போங்கள்

பயம் என்று நாம் நினைப்பதில் கொஞ்சம் வலியாகவும் இருக்கலாம். காதில் சீழ், இடுப்பு வலி, பல் வலி இருக்கிற நாய் இன்னொரு நாய் கிட்டே வந்தாலே சிடுசிடுக்கும். சிட்டுவுக்கு இடது காதில் பூஞ்சைத் தொற்று இருந்தது, வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தலையைத் தொட்டால் விலகுவாள், அதையும் பயக் கணக்கில் எழுதிவிட்டோம். மூன்று வாரம் சொட்டு மருந்து விட்ட பிறகு பாதிச் சிடுசிடுப்பு போய்விட்டது. உண்ணி அதிகம் உள்ள ஊர் இது, அதனால் நாய் சோர்வாக இருந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

அதே தடவையில் ஊசிகளைச் சரிபாருங்கள். ரேபிஸ் ஊசி குட்டிக்கு மூன்று மாதத்தில் ஆரம்பம், அப்புறம் டாக்டர் சொல்லும் பூஸ்டர், பிறகு வருடா வருடம். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற உயிரைக் குடிக்கும் நாய் நோய்களுக்கான கூட்டு ஊசி தனி. தெரு நாய்கள் உலாவும் இடத்துக்குப் போகப்போகிறீர்கள் என்றால் இந்தக் கூட்டு ஊசியும் ரேபிஸ் ஊசி அளவுக்கு முக்கியம், ஏனென்றால் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குட்டியாக இருந்தால் ஊசிகள் முடியும் வரை தெருவில் இறக்காதீர்கள். அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதீர்கள். இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள், பால்காரர், ஆட்டோ, தூரத்தில் போகும் நாய் எல்லாவற்றையும் பார்க்கட்டும். இந்த வயதில் பார்க்காமல் விட்டதைப் பின்னால் பழக்குவது பத்து மடங்கு வேலை.

பெண் நாய்க்குக் கருத்தடை செய்யவில்லை என்றால், அது இணை தேடும் பருவத்தில், அதாவது சூட்டில், இருக்கும் மூன்று வாரமும் வெளியே கூட்டிப்போகவே வேண்டாம். ஊரில் உள்ள ஆண் நாய்கள் அத்தனையும் பின்னால் வரும். கருத்தடை செய்தால் தையல் ஆற 10 முதல் 14 நாள், அதுவரையும் ஓய்வுதான்.

பயம் மிக அதிகமாக இருந்து, வீட்டுக்குள்ளேயே நடுங்குகிறது, சாப்பிட மாட்டேன் என்கிறது என்றால், பதற்றத்தைக் குறைக்க மாத்திரை உண்டு. அதை டாக்டர்தான் எடை பார்த்து எழுத வேண்டும். வீட்டில் மனிதர்களுக்கு இருக்கும் தூக்க மாத்திரையில் பாதியைக் கொடுத்துப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து. மாத்திரை கொடுத்தால் நாய் சோம்பிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். சிட்டுவுக்கு நான்கு மாதம் கொடுத்தோம், பழக்குவதற்கு அது பெரிய உதவியாக இருந்தது.

செலவு: எனக்கு ஒரு தடவை டாக்டர் பீஸ் 500 ரூபாய், ரேபிஸ் ஊசி 350, கூட்டு ஊசி 900. தனியார் கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். பணம் இடிக்கிறது என்றால் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், செலவு மிகக் குறைவு. ஆனால் கூட்டம் இருக்கும். அங்கே காத்திருக்கும் வரிசையில் வேறு நாய்கள் முகத்துக்கு முகம் உட்கார்ந்திருக்கும், பயந்த நாய்க்கு அதுவே பெரிய சோதனை. ஒருவர் வரிசையில் நில்லுங்கள், இன்னொருவர் நாயோடு வெளியே மர நிழலில் இருங்கள்.

2. காகிதங்களைக் கையோடு வைத்திருங்கள்

வாக்கிங் போக எதற்குக் காகிதம் என்று கேட்பீர்கள். தெருவில் ஒரு குழந்தை மீது நாயின் நகம் பட்டுவிட்டது என்று வையுங்கள், அந்த வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி "ஊசி போட்டிருக்கா?" என்பதுதான். அந்த இடத்தில் போனைத் திறந்து காட்ட முடிந்தால் பேச்சு அதோடு அடங்கும்.

என்னென்ன வேண்டும்: ஊசிப் புத்தகம், மாநகராட்சி உரிமம், கருத்தடை செய்திருந்தால் அதன் சான்று, தத்தெடுத்த நாய் என்றால் தத்துக் கடிதம். நான்கையும் படம் எடுத்துப் போனில் தனி ஆல்பமாக வைத்துக்கொள்ளுங்கள். நாயின் படம் இரண்டு, முகம் தெரிய ஒன்று, முழு உடம்பும் பக்கவாட்டில் தெரிய ஒன்று. சிட்டு தொலைந்த அன்று என் போனில் இருந்ததெல்லாம் அவள் சுருண்டு தூங்கும் படங்கள்தான், அதைக் காட்டி யாரிடம் கேட்டாலும் அடையாளம் சொல்ல முடியவில்லை.

ஊசிப் புத்தகத்தில் கவனிக்க வேண்டியது: மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும், போட்ட தேதியும் அடுத்த தேதியும் இருக்க வேண்டும், டாக்டரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண் மூன்றும் இருக்க வேண்டும். கிளினிக்கை விட்டு இறங்கும் முன்னால் பாருங்கள், மறுநாள் போய் முத்திரை கேட்டு நிற்பது வீண் அலைச்சல்.

சென்னையில் செல்லப்பிராணி உரிமம் கட்டாயம், மாநகராட்சி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, உங்கள் படம், நாயின் படம், நடப்பில் உள்ள ரேபிஸ் ஊசிச் சான்று ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். நான் கட்டியது 50 ரூபாய். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், அதனால் ஊசி தேதியையும் உரிமத் தேதியையும் ஒரே மாதத்தில் வருமாறு வைத்துக்கொண்டால் மறக்காது. 2025 இறுதியில் உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள், கூடவே மைக்ரோசிப்பும் கட்டாயம் என்றார்கள். கடைசி வாரத்தில் ஊரே வரிசையில் நின்றது. அந்த நெரிசலில் பயந்த நாயோடு நிற்கிற நிலைமை வராமல் முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

மைக்ரோசிப் பற்றி ஒரு விஷயம். சிப் போட்டால் நாய் எங்கே இருக்கிறது என்று போனில் தெரியும் எனப் பலரும் நினைக்கிறார்கள். தெரியாது. அது அரிசி மணி அளவுக்கு இருக்கும், உள்ளே 15 இலக்க எண் மட்டும். யாராவது நாயைப் பிடித்து, ஸ்கேனர் வைத்துப் பார்த்தால்தான் எண் வரும். அதனால் கழுத்துப் பட்டையில் போன் நம்பர் பொறித்த தகடு எப்போதும் இருக்கட்டும், 200 ரூபாய்க்குள் செய்து தருவார்கள். நாயின் பெயரைப் பொறிக்க வேண்டாம், இரண்டு போன் நம்பர் பொறியுங்கள்.

3. கயிறு, ஹார்னஸ், குடை

பயந்த நாய் முன்னால் இழுப்பதைவிடப் பின்னால் உருவுவதுதான் ஆபத்து. கடையில் ஹார்னஸ் மாட்டிப் பார்க்கும்போது நாம் நாயோடு சேர்ந்து நடந்து பார்க்கிறோம், அது போதாது. வீட்டுக் கூடத்தில் கதவைச் சாத்திவிட்டு, நாய்க்கு எதிரே நின்று கயிற்றை உங்கள் பக்கம் மெதுவாக இழுங்கள். நாய் பின்வாங்கும். பட்டை காது வரை வந்தால் அந்த ஹார்னஸ் உதவாது. மார்புக்கு முன்னால் ஒய் எழுத்து போல இறங்குவதாக, முன்பக்கமும் முதுகிலும் வளையம் உள்ளதாக, விலா எலும்பு முடியும் இடத்தில் இன்னொரு பட்டை இருப்பதாக வாங்குங்கள். அந்த மூன்றாவது பட்டை இருந்தால் உருவுவது மிகக் கடினம். பட்டைக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்வு.

அதோடு கழுத்துப் பட்டையையும் ஹார்னஸையும் சின்னக் கொக்கியால் இணைத்துவிடுங்கள். ஒன்று உருவினாலும் இன்னொன்று பிடிக்கும். இந்தக் கொக்கி 60 ரூபாய். அது மட்டும் அன்றைக்கு என்னிடம் இருந்திருந்தால் அவள் லாரிக்கு அடியில் கிடந்திருக்க மாட்டாள்.

கயிறு ஆறடி போதும், தட்டையான நைலான் பட்டையாக இருக்கட்டும். இழுக்க இழுக்க நீளும் டப்பாக் கயிறு வேண்டவே வேண்டாம். கை நழுவினால் அந்த டப்பா தடதடவென்று நாயின் பின்னாலேயே உருண்டு வரும், நாய் அதற்கே மிரண்டு இன்னும் வேகமாக ஓடும். இரும்புச் சங்கிலியும் வேண்டாம். கழுத்தை இறுக்கும் சங்கிலியைப் பற்றிக் கோபமாகவே சொல்கிறேன்: இன்னொரு நாயைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து நெரிபட்டால், நாய் வந்தால் வலி வரும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

வாய்க்கூடு தேவைப்பட்டால் கூடை மாதிரி இருக்கும் மசில் வாங்குங்கள், அதைப் போட்டுக்கொண்டே வாயைத் திறந்து மூச்சு வாங்கலாம், தீனியும் தின்னலாம். வாயை இறுக்கிக் கட்டும் துணி மசில் சென்னை வெயிலுக்கு ஆபத்து, நாய் தன் சூட்டை வாய் வழியாகத்தான் தணிக்கிறது. கூடைக்குள் ஈரலை வைத்து, தானாக மூக்கை விடும் வரை இரண்டு வாரம் வீட்டிலேயே பழக்குங்கள்.

அப்புறம் ஒரு நீளக் குடை. எதற்கு என்று ஏழாவது படியில் சொல்கிறேன். எனக்கு ஆன செலவு: ஹார்னஸ் 1,600, கயிறு 450, கழுத்துப் பட்டை 300, மசில் 650, கொக்கியும் தகடும் 260, ஆக மொத்தம் 3,260 ரூபாய். முதலில் வாங்கிய மலிவான ஹார்னஸும் டப்பாக் கயிறும் சேர்த்து 1,100 ரூபாய் வீணானது தனி.

4. ஒரு வாரம் நாய் இல்லாமல் நடங்கள்

இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். பயந்த நாயைப் பழக்குவதில் பாதி வேலை அந்த நாயோடு இல்லை, தெருவோடு இருக்கிறது.

தெரு நாய்கள் கண்டபடி சுற்றுவதாக நமக்குத் தோன்றும். உட்கார்ந்து பார்த்தால் அப்படி இல்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எங்கள் தெருவில் டிரான்ஸ்பார்மரிலிருந்து இஸ்திரிக் கடை வரை மூன்று நாய்கள், இஸ்திரிக் கடையிலிருந்து பிள்ளையார் கோயில் வரை நான்கு, கோயிலுக்கு அப்பால் டீக்கடைக் கூட்டம். ஒரு கூட்டம் துரத்தினால் தன் எல்லை வரைதான் வரும், கோடு போட்ட மாதிரி நின்றுவிடும். அந்தக் கோடு எங்கே என்று தெரிந்தால் உங்களுக்கு எத்தனை அடி நடந்தால் தப்பிக்கலாம் என்பது தெரியும்.

ஒரு தாளில் தெருவை வரைந்து குறியுங்கள். எந்த நாய் எங்கே படுக்கும், எது குரைப்பதோடு நிற்கும், எது ஓசையில்லாமல் பின்னால் வரும். கடைசி ரகம்தான் கவனிக்க வேண்டியது, குரைக்கிற நாய் பெரும்பாலும் தூரத்திலிருந்தே தகவல் சொல்லிவிடுகிறது. காதைப் பாருங்கள். நுனியில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை செய்து, அப்போதே ரேபிஸ் ஊசியும் போட்டுத் திருப்பி விட்ட நாய். அந்த ஊசி எப்போது போட்டது என்பது வெட்டைப் பார்த்துத் தெரியாது, ஆனாலும் ஒரு தெம்பு. குட்டி போட்ட தாய் நாய் எங்கே இருக்கிறது என்று கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். நிறுத்தி வைத்த கார், கட்டுமானத்துக்குக் கொட்டிய மணல், காலி மனைப் புதர், இந்த இடங்களில்தான் குட்டிகள் இருக்கும். சாதுவான நாய்கூட குட்டி இருக்கும்போது முப்பது அடி தூரத்திலேயே பாயும். அந்தத் தெருவை இரண்டு மாதத்துக்கு மறந்துவிடுங்கள்.

ஒவ்வொரு பகுதியிலும் நாய்களுக்குச் சோறு வைக்கிற ஒருவர் இருப்பார், அவரைக் கண்டுபிடியுங்கள். எங்கள் தெருவில் ஒரு டெய்லர் அக்கா, இரவு எட்டரைக்கு ஸ்டீல் வாளியோடு வருவார். நான் அவரிடம் போய், "அக்கா, எங்க வீட்டுல ஒரு நாய் இருக்கு, ரொம்பப் பயப்படுது, இதுல எது மேல பாயும்னு சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். டிரான்ஸ்பார்மர் கூட்டத்துத் தலைவன் பெயர் ராஜா, அவனுக்கு ஒரு கண் தெரியாது, அதனால் இடது பக்கமாக யார் போனாலும் திடுக்கிட்டுக் குரைப்பான். "வலப்பக்கமா போங்க தம்பி, பேர் சொல்லிக்கிட்டே போங்க, ஒண்ணும் பண்ண மாட்டான்" என்றார். மூன்று மாதமாக நான் பார்த்துப் பயந்த ராஜா, உண்மையில் என்னைப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருந்தான்.

ஒரு வாரம் தினமும் அதே நேரத்தில் தனியாகப் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையால் இரண்டு பிஸ்கட் போடுங்கள். உங்கள் வாசனை அவற்றுக்குப் பழகட்டும். உங்கள் நாய் கூட இருக்கும்போது மட்டும் இப்படித் தீனி போடாதீர்கள், பிறகு உங்களைப் பார்த்தாலே மொத்தக் கூட்டமும் ஓடி வந்து சூழ்ந்துகொள்ளும், உங்கள் நாய்க்கு அது பாசமா பாய்ச்சலா என்று புரியாது.

5. நேரம்

எங்கள் பகுதியில் காலை ஐந்திலிருந்து ஆறு வரை தெரு நாய்கள் முழு விழிப்பில் இருக்கும், எல்லைச் சண்டை எல்லாம் அப்போதுதான். ஆறரைக்குக் குப்பை வண்டி வரும், அதன் பின்னால் ஓடும். ஏழரைக்கு மேல் ஒவ்வொன்றாகக் கார் அடியில் போய்ப் படுத்துவிடும். அதனால் எங்கள் நேரம் ஏழே முக்கால். மாலையில் ஐந்தரை. இரவில் சாப்பாட்டு வாளி வரும் எட்டரையைச் சுற்றி ஒரு மணி நேரம் வெளியே போவதே இல்லை. உங்கள் தெருவுக்கு வேறு கணக்கு இருக்கும், நாலாவது படியில் போட்ட தாளிலேயே நேரத்தையும் எழுதிவிடுங்கள்.

மதியத்தில் நாய்கள் தூங்கும், தெரு காலியாக இருக்கும், ஆனால் தார் ரோடு கொதிக்கும். புறங்கையை ரோட்டில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் முடியாது. சித்திரை, வைகாசியில் காலை ஏழே முக்கால்கூடச் சூடுதான், அந்த இரண்டு மாதமும் நாங்கள் மாடிக்கும் வாசலுக்குமாகச் சமாளித்தோம்.

தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் பயந்த நாயைப் பட்டப்பகலில் மட்டும், வீட்டுப் பக்கத்திலேயே, கழுத்துப் பட்டையையும் ஹார்னஸையும் இணைத்த இரட்டைப் பிடிப்போடு கூட்டிப்போங்கள். மழைக்காலத்தை ஒட்டிய மாதங்களில் தெரு நாய்கள் இணை தேடும், ஒரு பெண் நாயைச் சுற்றி ஏழெட்டு ஆண் நாய்கள் அலையும். அந்தக் கூட்டம் தன் எல்லையையும் மதிக்காது. அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்தால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

6. கேட்டிலிருந்து ஆரம்பம்

முதல் வாரம் கேட்டைத் திறந்து வைத்து உள்ளேயே நில்லுங்கள். தூரத்தில் ஒரு நாய் தெரிந்ததும் ஈரல் ஒரு துண்டு. நாய் மறைந்ததும் தீனி நின்றுவிட வேண்டும். அது உட்கார வேண்டும், குரைக்காமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் வேண்டாம். நாய் தெரிந்தால் ஈரல் வரும், அவ்வளவுதான் பாடம்.

வேகவைத்த கோழி ஈரலை, உப்பும் வெங்காயமும் இல்லாமல், கடலைப்பருப்பு அளவுக்கு நறுக்கி டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். கால் கிலோ வாங்கினால் நான்கு நாள் வரும், ஃப்ரீசரில் வையுங்கள். சைவ வீடு என்றால் பனீர். வீட்டில் தினமும் தின்கிற பிஸ்கட் இதற்கு வேலைக்கு ஆகாது, தெருவில் மட்டும் கிடைக்கிற பொருளாக இருக்க வேண்டும்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது? நாயின் வாயே சொல்லும். ஈரலை மெதுவாக வாங்கித் தின்றால் தூரம் சரி. விரலோடு சேர்த்துப் பிடுங்கினால் பதற்றம் ஏறுகிறது. ஈரலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை என்றால் ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள், பேசாமல் திரும்பி நடங்கள். அதற்கு முன்னால் சின்னச் சின்ன அறிகுறி வரும்: சாப்பிடாமலே மூக்கை நக்குவது, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரிவது, ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே உறைந்து நிற்பது. உறைந்து நிற்பதைப் பார்த்துவிட்டு "அமைதியாக இருக்கிறது" என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு.

தூரத்தை வாரத்துக்கு இரண்டு மூன்று அடி குறைத்தால் போதும். ஒருநாள் மிரண்டுவிட்டால் மறுநாள் ஓய்வு, அதற்கடுத்த நாள் பழைய தூரத்திலிருந்து மறுபடி. நடை பத்து நிமிடம் போதும், அதில் பாதி நேரம் சுவரை முகர்ந்துகொண்டிருந்தாலும் விடுங்கள். தெரு நாய் சிறுநீர் விட்டுப் போன இடத்தை முகர்வதும் பழகுவதுதான், எதிரே நிற்காமலேயே அந்த நாயைத் தெரிந்துகொள்கிறது.

7. ஒரு நாய் நேரே வந்தால்

ஓடாதீர்கள். கயிற்றை இறுக்காதீர்கள், கயிறு இறுகினால் உங்கள் நாய்க்கு ஆபத்து என்று தந்தி அடித்த மாதிரி. அதை உங்களுக்குப் பின்னால் விட்டு, நீங்கள் நடுவில் நில்லுங்கள். ஒரு பக்கம் சுவரோ நிறுத்தி வைத்த காரோ இருந்தால் நல்லது, பின்னால் இன்னொரு நாய் வர முடியாது. தாழ்ந்த குரலில், அழுத்தமாக "போ" என்று சொல்லுங்கள். பல நாய்கள் அதோடு நின்றுவிடும்.

நிற்காவிட்டால் ஒரு கைப்பிடித் தீனியை அந்த நாய்க்குப் பின்னால் போய் விழும்படி வீசுங்கள். அது திரும்பித் தேடும் நேரத்தில் நீங்கள் நடந்துவிடலாம். அதற்கும் மசியாத நாய்க்குத்தான் குடை. சட்டென்று விரித்து நடுவில் திரை மாதிரி பிடித்தால் நாய்களுக்கு எதிராளி மறைந்துவிடுகிறது, பெரும்பாலும் திகைத்து நிற்கும். உங்கள் நாய் குடைக்கே பயப்படும், அதனால் முன்கூட்டியே வீட்டில் விரித்து விரித்துக் காட்டி, ஒவ்வொரு தடவையும் ஈரல் கொடுத்துப் பழக்கியிருக்க வேண்டும்.

கல் எடுப்பது போலக் குனிந்தால் தெரு நாய் விலகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசி வழியாக அதைச் செய்யலாம், எறியாதீர்கள். அடிபட்ட நாய் அடுத்த நாள் உங்களைப் பார்த்ததும் முன்கூட்டியே பாயும், தினமும் அதே தெருவில்தான் நீங்கள் நடக்க வேண்டும்.

சின்ன நாயாக இருந்தால் தூக்கிக்கொள்ளத் தோன்றும். தூக்கினால் மற்ற நாய்கள் உங்கள் மேல் எகிறும். திறந்த கடையோ கேட்டோ நான்கு அடியில் இருந்தால் மட்டும் தூக்குங்கள். சண்டை மூண்டுவிட்டால் இரண்டு வாய்க்கும் நடுவில் கையை விடாதீர்கள். தண்ணீர் ஊற்றுங்கள், குடையை நடுவில் நுழைத்துவிடுங்கள். கூட ஆள் இருந்தால் ஆளுக்கு ஒரு நாயின் பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கிப் பின்னால் இழுப்பது ஒரு வழி.

8. தெருவைத் தாண்டி

கடற்கரைக்குக் கூட்டிப்போக எல்லோருக்கும் ஆசை. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் மணலில் நிறைய நாய்கள் உண்டு, மாலையில் கூட்டமும் உண்டு. தெருவில் மூன்று மாதம் ஒழுங்காக நடந்த பிறகு யோசியுங்கள். நாங்கள் வார நாளில், காலை ஆறு மணிக்கு, ஐந்து மீட்டர் நீளக் கயிறோடு போனோம், தண்ணீர் ஓரமாக நடந்தோம், ஒருபக்கம் கடல் என்பதால் பார்க்க வேண்டியது ஒரே பக்கம்தான். கயிற்றைக் கழற்றவில்லை, இனியும் கழற்ற மாட்டேன். ஆட்டோவில் போவதானால் ஏறும் முன்னால் ஓட்டுநரிடம் நாய் இருக்கிறது என்று சொல்லி, சீட்டில் விரிக்க ஒரு பெட்ஷீட் எடுத்துப்போங்கள். பூங்காவாக இருந்தால் வாசலில் உள்ள பலகையைப் படியுங்கள், பல பூங்காக்களில் நாய்க்கு அனுமதி இல்லை.

9. கடிபட்டுவிட்டால்

உங்களுக்குப் பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினாலோ ரத்தம் வந்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ போங்கள், ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். ரத்தம் வரும் அளவுக்குக் கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை, அதைக் கேட்டு வாங்குங்கள். 28ஆம் நாள் ஊசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், சீட்டைப் படமெடுத்துப் போனில் நினைவூட்டல் வையுங்கள். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வார்கள், அது சரிதான், ஆனால் அந்தப் பத்து நாளும் ஊசி போடாமல் காத்திருக்கக் கூடாது.

உங்கள் நாய்க்குக் கடி விழுந்தால் முடியை விலக்கி விலக்கிப் பாருங்கள். மேலே ஒரு சின்ன ஓட்டைதான் தெரியும், உள்ளே கிழிந்திருக்கும். அதையும் சோப்புப் போட்டுக் கழுவி, முடிந்தால் கையுறை போட்டுக்கொண்டு, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். வருட ஊசி போட்டிருந்தாலும் கடிக்குப் பிறகு மறுபடி ஊசி உண்டு. எந்த நாய் கடித்தது என்று சோறு வைக்கிறவரிடம் சொல்லுங்கள். நடை தள்ளாடுகிறது, எச்சில் ஒழுகுகிறது, பார்த்ததையெல்லாம் கடிக்கிறது என்றால் உடனே மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள்.

10. எவ்வளவு நாள் ஆகும்

கேட்டுக்குள் நிற்பதற்கு மூன்று வாரம். கேட்டுக்கு வெளியே பத்தடிக்கு ஒரு மாதம். டிரான்ஸ்பார்மர் வரை போக நான்காவது மாதம். பேருந்து நிறுத்தத்துக்கு எட்டாவது மாதம். உங்கள் நாய்க்கு இதில் பாதியும் ஆகலாம், இரண்டு மடங்கும் ஆகலாம். நான்கு மாதத்தில் ஓர் அடிகூட முன்னேற்றம் இல்லை என்றால் நாய்களின் நடத்தையைப் படித்தவராகப் பார்த்து ஒரு பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள். எனக்கு ஒரு தடவைக்கு 2,000 ரூபாய் ஆனது, மூன்று தடவை வந்தார். வரும் முன்னால் போனில் ஒரு கேள்வி கேளுங்கள்: நாய் பயந்து குரைத்தால் என்ன செய்வீர்கள்? அடக்குவேன், கழுத்தில் ஒரு இழுப்பு இழுப்பேன் என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

போன மாதம் ஒரு காலை, சிட்டு இஸ்திரிக் கடைச் சுவரை முகர்ந்துகொண்டிருந்தபோது ராஜா எதிர்ப்பக்கத்தில் எழுந்து நின்றான். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள், மூக்கை ஒரு தடவை நக்கினாள். நான் "ராஜா" என்று கூப்பிட்டுவிட்டு அவளுக்கு ஒரு துண்டு ஈரல் நீட்டினேன், மெதுவாக வாங்கித் தின்றாள். அவன் மறுபடி படுத்துவிட்டான். அதற்கு மேல் கிட்டே போகவில்லை. வலப்பக்கமாகத் திரும்பி, ஏழு ஐம்பத்தைந்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம்.